சிறு படகும் வழிகாட்டும் கருவிகளும்

இராமேசுவரத் தீவில் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையே அமைந்த கடற்கரைச் சிற்றூர் அக்காள்மடம். தீவின் வடபால் பாக்கு நீரிணையும் தென்பால் மன்னார் வளைகுடாவும் விரிந்துள்ளன. அலை அடங்கிய வடகடலைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்கடலை ஆண்கடல் என்றும் இப்பகுதி மக்கள் வழங்குவர். இவ்விரு கடல்களையும் நம்பி வாழ்வோர் இங்குப் பலர்.

முற்காலத்தில் இம்மீனவர் கருவி எதுவுமின்றியே கடலோடினர். வடகிழக்கிலிருந்து வீசும் வாடையும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சானும் அவர்க்குத் திசை உணர்த்தின. இரவில் வடமீன் வழிகாட்டியது. ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில் அங்கு வடமீன் தோன்றும். இத்தீவின் அட்சரேகை ஏறத்தாழ 9 பாகை. ஆகவே, நீட்டிய கையின் முட்டி அளவே அது அடிவானத்துக்கு மேல் நிற்கும். இத்துணைத் தாழ்வில் உள்ள விண்மீனைச் சிறு மேகமும் மறைத்துவிடும்.

இக்காலத்தில் பழைய அறிவு மட்டும் போதுவதில்லை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பாக்கு நீரிணையிலும், 1976-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் மன்னார் வளைகுடாவிலும் கடல் எல்லை வகுக்கப்பட்டது. அக்கோடு நீரின்மேல் கண்ணுக்குத் தெரிவதன்று. அதனைக் கடந்தால் படகு கைப்பற்றப்படுதலும், மீனவர் சிறைப்படுதலும் நேர்கின்றன. மேலும் 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது, கரையிலிருந்து நெடுந்தொலைவு சென்றிருந்த குமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பல உயிர்கள் மாண்டன. எனவே, 'யாம் எங்கு உள்ளோம்?', 'எமது நிலையைப் பிறர்க்கு எவ்வாறு அறிவிப்போம்?' என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை தரும் கருவிகள் படகில் இருத்தல் வேண்டும்.

அவற்றுள் முதலாவது திசைகாட்டி. இதற்கு மின்சாரம் வேண்டா, செயற்கைக்கோளும் வேண்டா. ஆயினும், அருகில் இரும்போ காந்தமோ இருப்பின் இதன் ஊசி பிறழும். வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலும் கைப்பேசியிலும் காந்தம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஊசி 5 பாகை பிறழ்ந்தால், 20 கிலோமீட்டர் சென்றபின் படகு ஏறத்தாழ 1¾ கிலோமீட்டர் விலகி நிற்கும். எல்லைக்கோடு அருகில் உள்ள கடலில் இப்பிழை சிறிதன்று.

இரண்டாவது, இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவி. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் குறிப்பொலிகள் தன்னை அடையும் காலத்தைக் கணக்கிட்டு, இது தன் இருப்பிடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் கண்டறியும். எல்லைக்கோட்டின் புள்ளிகளை முன்கூட்டியே இதில் பதிந்து வைக்கலாம். ஆனால், அசையாது நிற்கும் படகின் முகப்பு எத்திசையை நோக்கியுள்ளது என்பதை இக்கருவி தனித்து அறியாது. திசைகாட்டியோ, நீரோட்டம் படகை இழுத்துச் செல்வதை அறியாது. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கின்றது.

மூன்றாவது, செய்தி அனுப்பும் கருவி. வி.எச்.எஃப். வானொலியின் 16-ஆம் அலைவரிசை ஆபத்துக் காலத்துக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டது. இதன் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்லும். ஆதலால் ஏரியல் 4 மீட்டர் உயரத்தில் உள்ள இரு படகுகள் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வரையே பேசிக்கொள்ள இயலும். அதற்கு அப்பால் செல்வோர்க்கென, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஆபத்து அறிவிப்புக் கருவி ஒன்றை உருவாக்கியது; இது 2010 முதல் பயனுக்கு வந்தது. இதன் பொத்தானை அழுத்தினால், செய்தி செயற்கைக்கோள் வழியே பெங்களூரிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்தை அடைந்து, ஆங்கிருந்து மீட்பு மையங்களுக்குச் செல்லும். முதலில் வந்த கருவியில், செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை மீனவர் அறிய வழியில்லை. 2024-ஆம் ஆண்டு அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, 'செய்தி கிடைத்தது' எனத் திருப்பி அறிவிக்கின்றது. நடுக்கடலில் தவிப்பவனுக்கு அவ்வொரு விடை அளிக்கும் மனவுறுதி பெரிதன்றோ?

இவையேயன்றி ஆழங்காட்டும் கருவியும் உண்டு. கடல்நீரில் ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். படகிலிருந்து அனுப்பிய ஒலி தரையில் பட்டு 0.02 நொடியில் மீண்டால், ஆழம் 15 மீட்டர் எனக் கொள்ளலாம். ஆழங்குறைந்த பாக்கு நீரிணையில் பாறைக்கு அஞ்சிச் செல்வோர்க்கு இது பயன்படும். ஆயினும் முன்னைய மூன்றும் இல்லாத படகில் இதனை முதலில் வாங்குதல் முறையன்று.

கருவியைத் தேர்வு செய்பவர் திரையின் அகலத்தையும் வண்ணத்தையும் கண்டு மயங்கலாகாது. உப்புநீர் பட்டாலும் கெடாதா, உச்சி வெயிலிலும் எழுத்துத் தெரியுமா, ஈரக்கையால் இயக்க இயலுமா என்பவற்றை ஆராய்தல் வேண்டும். மின்சாரக் கணக்கும் இன்றியமையாதது. 12 வோல்ட் மின்கலத்தால் இயங்கும் 25 வாட் வானொலி, பேசும்போது ஏறத்தாழ 5 ஆம்பியர் மின்சாரம் கொள்ளும். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்கலத்தில் இணைத்துவிட்டால், அது தீரும் நொடியில் அனைத்தும் ஒருங்கே உறங்கிவிடும். ஆதலின், ஒரு கருவியேனும் தனக்கெனத் தனி மின்கலம் உடையதாக இருத்தல் நன்று.

கடலுக்குரிய இவ்விதி வானுக்கும் பொருந்தும். பாம்பன் பாலத்துக்கு அப்பால் உச்சிப்புளியில் 'பருந்து' என்னும் கடற்படை வானூர்தித் தளம் உள்ளது. அத்தகைய தளங்களின் பெரிய வானூர்திகளே அன்றி, ஓரிருவர் மட்டும் அமரும் சிறு வானூர்திகளும் உலகில் உண்டு. அவற்றைத் தம் கையாலேயே கட்டிப் பறப்போரும் பல நாடுகளில் உளர். பெங்களூர்த் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் புதிய ஹன்சா என்னும் இருவர் ஊர்தி 2021-இல் முதன்முறை பறந்தது. அதில் பழைய முள் கருவிகளுக்கு மாற்றாக மின்னணுத் திரைகள் அமைந்துள்ளன. திரை ஒன்றே பல கருவிகளின் பணியைச் செய்யும். ஆயினும் சிறு வானூர்தியைத் தாமே அமைப்போருள் முன்னறிவு உடையோர், காற்றழுத்தத்தால் இயங்கும் வேகமானியையும் உயரமானியையும், மின்சாரம் வேண்டாத திசைகாட்டியையும் தனியே வைத்துக்கொள்வர். திரை இருண்டாலும் அவை உண்மை உரைக்கும்.

கருவிகள் பலவற்றைச் சேர்ப்பதனால் மட்டும் காவல் பெருகிவிடாது. செல்லும் இடத்துக்கும் தொழிலுக்கும் வேண்டியவற்றை அறிதலும், ஒன்று கெட்டால் மற்றொன்று துணைநிற்குமாறு அமைத்தலும், கரையிலேயே பலமுறை இயக்கிப் பழகுதலுமே காவலாகும். இருண்ட கடலில் கருவி ஓய்ந்த வேளையிலும், கச்சான் முகத்தில் படுவதைக் கொண்டு கரையின் திசையை உணரும் மீனவனிடம் இறுதிக் கருவி ஒன்று உண்டு. அது அவன் பயின்று பெற்ற அறிவே ஆகும்.