மாத்திரைக்குள் மருந்து எவ்வளவு?

ரசத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு ஒரு கல் குறைச்சல்" என்று சொல்லிவிடுவாள் பாட்டி. மாத்திரையை அப்படிப் பார்க்க முடியுமா? மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை நம்பித்தான் விழுங்குகிறோம்.

நமக்காக ருசி பார்ப்பவர் பரிசோதனைச்சாலையிலுள்ள ரசாயன நிபுணர். இருபது மாத்திரைகளை நிறுத்து, நைசாகப் பொடித்து, அதில் ஒரு சிட்டிகையை எடைபோட்டுக் கரைத்து வடிகட்டுகிறார். அதில் ஒரு துளியை, நுண்ணிய பொடி இறுக அடைத்த எஃகுக் குழாய்க்குள் பலத்த அழுத்தத்துடன் செலுத்துகிறார். மருந்தும், அது கெட்டுப்போயிருந்தால் அந்தக் கெட்ட பொருளும், தனித்தனியே தத்தம் நேரத்தில் மறுமுனைக்கு வந்து சேரும். அங்கே பாயும் புற ஊதா ஒளியை மருந்து விழுங்கும்போது, திரையில் கோபுரம்போல் ஒரு கோடு எழும்பும். அளவு தெரிந்த சுத்த மருந்தின் கோபுரத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தீர்ந்தது. பல மாத்திரைகளுக்கு 90 முதல் 110 சதவிகிதம் இருந்தால் தேர்ச்சி!

அது மட்டும் போதுமா? அமெரிக்காவில் நடந்த கதையைக் கேளுங்கள்.

'வெல்புட்ரின்' என்பது புப்ரோப்பியான் என்ற மனச்சோர்வு மருந்து. அதில் 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நாள் முழுதும் சிறுகச் சிறுகக் கரையும்படி செய்யப்பட்டது. அதற்கு ஈடான மலிவு மாத்திரை ஒன்றுக்கு 2006 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. மாற்றிச் சாப்பிட்டவர்களில் பலர், "தலைவலிக்கிறது, பழைய துயரம் திரும்பிவிட்டது" என்று முறையிட்டார்கள். மனச்சோர்வு வரும், போகும். அது வியாதியின் இயல்பு என்று 2008-ல் மருந்து இலாகா சமாதானம் சொன்னது. மனசு சரியில்லாதவர் பேச்சுக்கு எங்கேதான் மதிப்பு!

இத்தனைக்கும், 2007-லேயே ஒரு தனியார் சோதனையில் குட்டு வெளிப்பட்டிருந்தது. இரண்டு மாத்திரைகளையும் திரவத்தில் போட்டு, மணிக்கு மணி திரவத்தை எடுத்து அளந்தார்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் அசலிலிருந்து வெளிப்பட்டது 8 சதவிகிதம்; மலிவு மாத்திரையிலிருந்தோ 34! மருந்தின் அளவில் வஞ்சகமில்லை. அவிழ்ந்த வேகத்தில்தான் கோளாறு.

அனுமதி எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? 300 மில்லிகிராம் கொடுத்தால் வலிப்பு வரலாமென்று அஞ்சி, மனிதர்களிடம் 150 மில்லிகிராம் மாத்திரையை மட்டும் சோதித்துவிட்டு, பெரியதும் அப்படியே இருக்கும் என்று ஊகித்துவிட்டார்கள்.

கடைசியில் இலாகாவே பெரிய மாத்திரையைக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தது. ரத்தத்தில் ஏறிய உச்ச அளவு, அசலில் 75 சதவிகிதந்தான்! 2012 அக்டோபரில் அந்த மாத்திரையை விற்பனையிலிருந்து விலக்கினார்கள். முறையிட்டவர்கள் அதற்குள் ஐந்து வருஷம் காத்திருந்தாகிவிட்டது.