நாலாவது அடி

வலைப்பந்தில் பந்தை வைத்திருப்பவளுக்கு எவ்வளவு கிட்டப் போய் மறிக்கலாம் என்பதற்கு ஒரே கணக்குத்தான்: மூன்று அடி, அதாவது 0.9 மீற்றர். பந்தைப் பிடித்தவளின் கால் எங்கே பதிந்ததோ அங்கிருந்து அளக்க வேண்டும். 2020 கோடையில், கொவிட் முடக்கத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் உள்ளூர்க் கழகங்கள் மறுபடி ஆடலாம் என்று வந்தபோது, அந்த மூன்றை நாலாக்கிவிட்டார்கள். நான் எதிராளியை மறித்தாடும் விங் டிபென்ஸ். பாடசாலைக் காலத்திலிருந்து மூன்றடிக்குப் பழகிய உடம்பு. கையை முழுக்க நீட்டினாலும் எதிராளியின் பந்துக்கு எட்டாத அந்த நாலாவது அடி மீது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

வடமேற்கு லண்டனில், ஹரோ பக்கம், பாடசாலை ஒன்றின் வெளி ஆடுகளத்தை வாடகைக்கு எடுத்து ஆடும் சின்னக் கழகம் எங்களுடையது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பிலிருந்து வந்து சேர்ந்த அக்காமார், இங்கேயே பிறந்த பிள்ளைகள், ஜமேக்கா வழிச் சிநேகிதிகள் என்று கலந்த கூட்டம். இலங்கையில் பெண்கள் பாடசாலையில் படித்தவளுக்கு இந்த விளையாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019இல் உலகக் கிண்ணம் லிவர்பூலில் நடந்தபோது, யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம்தான் தொடரிலேயே அதிக கோல் போட்டவர். அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு கோல் ஷூட்டராகத்தான் ஆட வேண்டும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்த ஆட்டம் புதிதாக இருக்கலாம். 1890களில் கூடைப்பந்து இங்கிலாந்துக்கு வந்து, பெண்கள் கல்லூரிகளில் உருமாறிப் பிறந்தது இது. பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தால் மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். 3.05 மீற்றர் உயரக் கம்பத்தில் வளையம் இருக்கும், பின்னால் பலகை இல்லை. ஒவ்வொருத்தியும் தன் ஆட்ட இடத்தைக் குறிக்கும் எழுத்துப் பட்டியை நெஞ்சில் கட்டியிருப்பாள்; அந்த எழுத்துக்கு உரிய பகுதியை விட்டு வெளியே கால் வைத்தால் தவறு. இடித்தாலும் தவறுதான்.

இடிக்கக் கூடாத ஆட்டம் என்பதால் தொற்றுக் காலத்துக்கு ஏற்றது என்று பலர் நினைத்தார்கள். பாதி உண்மை. இடிப்பதில்லையே தவிர, முகத்துக்கு முகம் நிற்கும் நேரங்கள் இதில் நிறைய. நடுவர் இரண்டு பேருக்கு நடுவே பந்தை மேலே சுண்டிவிடும் டொஸ்-அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பெண்கள் எதிரெதிரே, 0.9 மீற்றர் இடைவெளியில், இரைக்க இரைக்க மூச்சு வாங்கிக்கொண்டு விசிலுக்குக் காத்து நிற்பார்கள். ஆட்டத்தைத் தொடக்கும் சென்டர் பாஸுக்கு முன் கோட்டருகில் தோளோடு தோள் ஒட்டி, ஆளையாள் மறித்து நிற்பதும் அப்படித்தான். பந்து ஓடும்போது இருவர் ஒருவரையொருவர் கடக்க எடுப்பது கண்ணிமைக்கும் நேரம். ஓடாதபோதுதான் நிற்கிறோம், பேசுகிறோம், மூச்சு விடுகிறோம். புதிய விதிகளை எழுதியவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். டொஸ்-அப்பை எடுத்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்கும் இடத்திலும் நாலடி இடைவெளி. வேலையில்லாமல் பக்கத்தில் நிற்பதற்குத் தடை. இதைப் புரிந்துகொண்ட பிறகு என் கோபம் தணிந்தது. ஆட்டத்தைக் கெடுக்காமல் ஆபத்தை மட்டும் கத்தரித்திருந்தார்கள்.

ஆனால் அந்த விதிகள் ஒன்றைத் தொடவில்லை. கம்பத்தைச் சுற்றிய கோல் வட்டத்தின் ஆரை 4.9 மீற்றர்தான். கோல் ஷூட்டரும் அவளை மறிக்கும் கோல் கீப்பரும் ஆட்டத்தின் பெரும்பகுதியை அந்த அரைவட்டத்திலும் அதைச் சுற்றியும் கழிக்கிறார்கள். ஆபத்து ஏழு பேருக்கும் சமமாகப் பங்கு போடப்படவில்லை. இரண்டு மீற்றருக்குள் பதினைந்து நிமிடம் என்பது அன்றைக்கு நெருங்கிய தொடர்புக்குச் சொன்ன ஒரு கணக்கு, ஒரு நாளில் சேர்த்துப் பார்த்தாலும். சென்டரில் ஓடுகிறவள் பலரைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுவாள். கீப்பருக்கு ஒரே ஆளின் மூச்சுத்தான் ஆட்டம் முழுக்க. எங்கள் கீப்பர் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தவர். அவருக்குத் தொற்றினால் அது அவரோடு நிற்காது. கழகத்தின் கொவிட் பொறுப்பாளராக நான் இருந்தேன். முதல் வேலையாக அவரை, வட்டத்துக்கு வெளியே ஆடும் விங் அற்றாக்குக்கு மாற்றினேன். "என்ர உயரத்துக்கு விங்கா, அக்கா?" என்று முகத்தைச் சுழித்தார். உயரத்தைப் பார்த்து இடம் கொடுப்பதுதான் வலைப்பந்தின் வழக்கம். அந்த வருடம் வீட்டில் யார் இருக்கிறார்கள், எங்கே வேலை என்பதைப் பார்த்துக் கொடுத்தோம்.

எங்களுக்கு இது பெரிய விஷயம். கூட்டுக் குடும்பமாக இருப்பவர்கள் பலர். ஒரே கூரையின் கீழ் மாமியும், சலரோகக்கார மாமாவும், பாடசாலைப் பிள்ளைகளும். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் வேலை செய்பவர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாது. தெற்காசியர்கள் இந்த நோயால் இங்கே கூடுதலாக அடிபட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இவையும் உண்டு.

இனி, களத்துக்கு வெளியே. என் அனுபவத்தில் ஆடும் நேரத்தைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள நேரம்தான் பெரிய தலையிடி. ஒரு காரில் ஐந்து பேர் நெருக்கியடித்து வருவது எங்கள் வழக்கம். கண்ணாடி மூடிய காரில், ஹீற்றர் போட்டு, கதை பேசிக்கொண்டு வந்து இறங்கியவர்கள் களத்தில் நாலடி பார்த்து நிற்பதில் என்ன அர்த்தம்? காரைப் பகிர்வதை நிறுத்தச் சொன்னேன். கார் இல்லாதவர்கள் சிலர் அதனால் வராமல் போனார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. பஸ்ஸில் வந்தவர்களுக்கு ஆட்டத்தை அரை மணி தள்ளி வைத்தோம், அவ்வளவுதான்.

அடுத்தது பட்டிகள். ஒருத்தி வியர்க்க வியர்க்கப் போட்டுக் கழற்றியதை இடைவேளையில் மற்றவள் மாட்டிக்கொள்வது முன்பு சாதாரணம். தொற்றுக் காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஒருத்திக்கு ஓர் எழுத்துத்தான். வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு முன் நடுவர் நகம் பார்ப்பார். அந்த வருடம் விரலைப் பிடித்துப் பார்க்காமல் கையை நீட்டச் சொல்லித் தள்ளி நின்று பார்த்தார். விரல் நுனியை நக்கிப் பந்துக்குப் பிடிமானம் தேடும் பழைய பழக்கம் பலருக்கு. அதை விடுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பந்தையும் ஆட்டத்தின் ஒவ்வொரு கால் பகுதிக்கும் ஒருமுறை துடைத்தோம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு: சனிட்டைசரைக் கையில் பூசி, காயுமுன் பந்தைத் தொட்டால் வழுக்கும். கை காயும்வரை தேய்த்துவிட்டுத்தான் களத்துக்குள் இறங்க வேண்டும். பந்தைத் துடைப்பதில் நாங்கள் காட்டிய அக்கறை கொஞ்சம் அதிகம் என்று இன்று தோன்றுகிறது. இந்த நோய் பெரும்பாலும் மூச்சுக் காற்றில் பரவுவது. காருக்குள் மூடியிருந்த கண்ணாடிதான் பந்தைவிடப் பெரிய எதிரி.

இடைவேளைத் தோடம்பழம் இங்கத்தைய வலைப்பந்துச் சம்பிரதாயம். யாரோ ஒருவர் வீட்டில் வெட்டி டப்பாவில் கொண்டுவருவார். எல்லாக் கைகளும் அதற்குள் போகும். அதையும் பிளாஸ்க்கில் வந்த தேத்தண்ணியையும் நிறுத்தியபோது, எங்கள் மூத்தவர் ஒருவருக்கு உண்மையாகவே மனம் நொந்துபோனது. விளையாட வராத நாளிலும் தேத்தண்ணியோடு வருபவர் அவர். வெற்றியில் கட்டிப்பிடிப்பதும் போயிற்று. கத்துவதை மட்டும் நிறுத்தவே முடியவில்லை. "இஞ்ச! இஞ்ச!" என்று தமிழில் கத்திப் பந்து கேட்பது எதிரணிக்கு விளங்காது என்பதால் அது எங்கள் இரகசிய ஆயுதம். சத்தமாகப் பேசினால் மூச்சுத்துளிகள் கூடுதலாக வெளியேறும் என்று விளக்கினேன். தலையாட்டினார்கள். விசில் அடித்ததும் மறந்தார்கள். கடைசியில் திறந்த வெளியும் காற்றும் எங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

2020 நவம்பர் 5 அன்று இரண்டாவது முடக்கம் வந்தது. ஜனவரியில் மூன்றாவது. 2021 மார்ச் 29 அன்று வெளி விளையாட்டுகளுக்கு மறுபடி கதவு திறந்தபோது, பலருக்கு ஒரு கால் பகுதி ஆடவே மூச்சு வாங்கியது. பதினைந்து நிமிடக் கால் பகுதியைப் பத்தாகக் குறைத்தோம். மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓடிக் குதித்து இறங்குவது முழங்காலுக்கு எவ்வளவு கெடுதல் என்பதைப் பற்றித் தொற்றுக் கால அறிவுரைகளில் இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். ஜூலை 19இல் இங்கிலாந்தில் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீங்கின. நாலாவது அடியும் போனது.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது நோயில்லாதவரை மட்டும் வரச் செய்வதுதான். வலைப்பந்தில் குறைந்தது ஐந்து பேர் இருந்தால் ஆட்டம் தொடங்கலாம். அதில் ஒருவர் சென்டராக இருக்க வேண்டும். சின்னக் கழகத்தில் ஆள் குறைவு. ஒருத்தி வராவிட்டால் எல்லோருக்கும் ஆட்டம் போய்விடுமோ என்ற கூச்சத்தில், காய்ச்சலை மறைத்து மாத்திரை போட்டுக்கொண்டு வந்து ஆடுவதைப் பெருமையாக நினைத்தவர்கள் நாங்கள். தொற்றுக்கு முன் நானும் அப்படி வந்தவர்களைப் புகழ்ந்திருக்கிறேன். அதனால் அணிப்பட்டியலை ஒன்பது பேராக்கினோம். காலையில் ஒவ்வொருவரும் உடல்நிலையைச் செய்தியாக அனுப்ப வேண்டும். ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் குடைந்து கேட்கக் கூடாது. இது மட்டும் இன்றுவரை தொடர்கிறது. குளிர்காலச் சனிக்கிழமைகளில் கைபேசியில் செய்தி வரும்: "அக்கா, தொண்டை ஒரு மாதிரி இருக்கு. வரலாமே?" நான் எழுதுவேன்: "வீட்டிலயே நில்லும். எங்களிட்ட ஆள் இருக்கு."