சொட்டாத கசிவு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் வளைகுடா என்று ஒன்று. அங்கே பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் நங்கூரத்தைத் தூக்கினால் பாதிச் சேறும் கூடவே ஏறி வரும். சங்கிலியின் ஒவ்வொரு வளையத்திலும் கருஞ்சேறு அப்பியிருக்கும். கழுவாமல் உள்ளே விட்டால் படகே நாறும். அதற்குத்தான் முன்தளத்தில் வாஷ்டவுன் பம்ப். கடல் தண்ணீரையே இழுத்து ஹோஸ் வழியாகப் பீய்ச்சும்.

ஸ்விட்சைப் போட்டால் பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் துப்பித் துப்பி வருகிறது. உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். டீயைக் குடித்து முடியுங்கள். மோட்டார் நன்றாகச் சுற்றும்போது பம்பின் மேல் பழி போடுவது கடைசி வேலை.

தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்: படகின் அடியில் துளை, அதன்மேல் சீகாக் வால்வு, பிறகு சல்லடை, பிறகு பம்ப். பம்பைத் தாண்டிய இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். பம்புக்கு முந்தைய பக்கம் அப்படியில்லை. அங்கே நடப்பது உறிஞ்சல். கடல் மட்டத்துக்கு மேலே இருக்கும் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வீட்டு ஜெட் பம்ப் ‘ஏர் வாங்குது’ என்று பிளம்பர் சொல்வாரே, அதே சங்கதி. தரை காய்ந்திருக்கிறது என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய.

எங்கே வாங்குகிறது? பம்பின் உறிஞ்சும் பக்கக் குழாயைக் கழற்றி, வேறொரு துண்டு ஹோஸை மாட்டி, மறுமுனையை ஒரு பக்கெட் தண்ணீரில் விடுங்கள். (சீகாக்கை மூடிவிட்டுத்தான்!) ஜோராக இழுத்தால் பம்ப் குற்றவாளி இல்லை. இனி சல்லடையிடம் போகலாம். என் அனுபவத்தில் பாதி வழக்கு அதன் மூடியிலேயே முடிந்துவிடும். மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம். அதில் ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்தால் போதும். பம்ப் ஓடும்போது கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஏறும். வளையத்தைத் துடைத்து, துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும்.

குமிழியே இல்லையென்றால் அடைப்பாக இருக்கலாம். அடித்துளையில் சிப்பி வளர்ந்திருக்கும், அல்லது உறிஞ்சும் பக்கம் யாரோ தோட்டத்து ஹோஸை மாட்டியிருப்பார்கள். உறிஞ்சும்போது அது சப்பையாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஹோஸ்தான் அங்கே தேவை. பம்ப் சோம்பலாகச் சுற்றினால் வயரைப் பாருங்கள். பேட்டரி பின்னால், பம்ப் முன்னால், நடுவே மெல்லிய வயர் என்றால் 12 வோல்ட் முழுசாகப் போய்ச் சேராது. ஓடும்போதே அளந்தால்தான் தெரியும்.

நாசிலை மூடிய பிறகும் பம்ப் அவ்வப்போது தானாக உறுமினால், கசிவு பெரும்பாலும் பம்பைத் தாண்டிய பக்கம். அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தப் பக்கத்து ஹோஸ் படகுக்குள் கழன்றுகொண்டால், அழுத்தம் விழுந்ததும் யாரோ குழாயைத் திறந்ததாக எண்ணிப் பம்ப் ஓட ஆரம்பிக்கும். நிமிடத்துக்கு 15 லிட்டர் இழுக்கும் பம்ப் என்றால் மணிக்கு 900 லிட்டர் கடல் உள்ளே. படகைவிட்டு இறங்கும்போது பம்பின் பிரேக்கரை அணைத்து, சீகாக்கையும் மூடிவிட்டு இறங்குங்கள்.