இனிப்பு நீரும் இதயத்தின் நார்களும்



இனிப்பு நீர் என்றதும் நம் நினைவுக்கு வருவது காலில் ஆறாத புண், அடுத்தது கண். இதயத்தைப் பற்றிக் கேட்டால், "நெஞ்சு வலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வலியே இல்லாமல் இதயம் விறைத்துப்போகும் வழி ஒன்று உண்டு. அதைத்தான் இன்று விளக்கப் போகிறோம்.

இதயம் வெறும் தசை என்று எண்ணுகிறோம். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் தசையணுக்களுக்கு இடையே வேறொரு வகை உயிரணுக்களும் இருக்கின்றன. அவற்றை நாரணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். கொலாஜன் என்னும் நார்ப்பொருளைச் சுரந்து, தசையைச் சுற்றி மெல்லிய வலையாகப் பின்னுவது அவற்றின் வேலை. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை துடிக்கும் இதயம் வடிவம் குலையாமல் இருப்பது அந்த வலையால்தான். காயம் பட்ட இடத்தை அடைப்பவையும் இவையே.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இனி வருவது எளிதில் விளங்கும். கத்தி அளவோடு போனால் பட்டை சமமாக வளரும். ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத் தடித்துவிடும். பிறகு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. மரத்தின்மேல் குற்றமில்லை. காயத்தை ஆற்றத்தான் அது முனைந்தது, அளவு மிஞ்சிவிட்டது.

இரத்தத்தில் சர்க்கரை நாள்தோறும் மிகுந்திருந்தால் நாரணுக்களும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. காயமே இல்லாதபோதும் காயம் பட்டதுபோல் விழித்துக்கொள்கின்றன. "நாரை உண்டாக்கு" என்று கட்டளையிடும் சில பொருள்களைச் சர்க்கரை தூண்டிவிடுகிறது; டிஜிஎஃப் பீட்டா அவற்றுள் முக்கியமானது. கட்டளை கிடைத்ததும் நாரணு உருமாறி, கொலாஜனை மேலும் மேலும் சுரக்கிறது. எலியின் இதயத்திலிருந்து எடுத்த நாரணுக்களை ஆய்வுக்கூடத்தில் இரு தட்டுகளில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் லிட்டருக்கு 5.5 மில்லிமோல் குளுகோஸ்; மற்றதில் 25. இரண்டாவது தட்டில் கொலாஜன் கூடுதலாக உண்டாயிற்று.

தட்டில் நடப்பதெல்லாம் உடம்பிலும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆயினும் 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரூப்ளர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், இறந்துபோன இனிப்பு நீர் நோயாளிகள் நால்வரின் இதயங்களை ஆராய்ந்து எழுதினார்கள். இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாய்களில் அடைப்பு இல்லை. ஆனாலும் இதயம் தளர்ந்திருந்தது. தசையினிடையே நார் மண்டியிருந்தது.

இன்னொரு தீங்கும் உண்டு. கச்சா ரப்பரில் சிறிது கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால், இழைகளுக்கிடையே முடிச்சு விழுந்து, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் நல்ல ரப்பர் கிடைக்கிறது. கந்தகத்தை நூற்றுக்கு 30 பங்கு அளவுக்குக் கூட்டினால் அதுவே எபோனைட் என்னும் கட்டையாகிவிடும். மிகுதியான சர்க்கரை கொலாஜன் இழைகளிடையே அத்தகைய முடிச்சுகளைப் போடுகிறது. கொலாஜன் நெடுநாள் நிலைத்திருக்கும் பொருள். ஆகவே விழுந்த முடிச்சு எளிதில் அவிழ்வதில்லை.

விறைத்த இதயம் தொடக்கத்தில் நன்றாகவே சுருங்கும். விரிவதற்குத்தான் மறுக்கும். விரிந்தால்தானே இரத்தம் உள்ளே நிரம்பும்? நிரம்ப இடமில்லாத இரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும்.

நம் பள்ளிப் பையன் ஒருவனை அழைத்துப்போக அவன் பாட்டி தினமும் வருவார். பல்லாண்டு மரம் வெட்டியவர். லயத்திலிருந்து பள்ளிக்கு வருவதற்குள் இரண்டிடத்தில் உட்கார்ந்துவிடுவார். "வயசாயிடுச்சு வாத்தியாரே" என்பார். நாமும் அதை நம்பினோம். காலில் புண் இல்லை, நெஞ்சில் வலி இல்லை என்று அவர் மாத்திரையை நிறுத்தியிருந்தது நமக்குத் தெரியாது. ஓரிரவு மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகே, ஸ்கேன் செய்து பார்த்து இதயம் விறைத்திருக்கிறது என்றார்கள்.

பெண்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் நடந்த நெடுநாள் ஆய்வின் முடிவு 1974-இல் வெளிவந்தது. இனிப்பு நீர் உள்ள ஆண்களுக்கு இதயத் தளர்ச்சி மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். பெண்களுக்கோ 5 மடங்கு. நம் நாட்டில் 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருந்தது.

விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்துச் சர்க்கரையை மட்டுமே காட்டும். மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முன் இரண்டு நாள் கெட்டிப்பால் தேநீரை நிறுத்திவிட்டு, "எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது" என்று மகிழ்பவர்களை நாம் அறிவோம். எச்பிஏ1சி என்னும் சோதனையை அப்படி ஏமாற்ற முடியாது. சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கை அது சொல்லிவிடும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேளுங்கள். "நெஞ்சு வலிக்கிறதா?" என்று மருத்துவர் வினவினால், இல்லை என்று மட்டும் சொல்லி எழுந்துவிட வேண்டாம். எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது, இரவில் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.