பிரதமரின் கடிதம்: வீட்டுக்கா, நாட்டுக்கா?

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, "மற்றவை நேரில்" என்று முடிப்பது நம்மவர் கடித மரபு. பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தமிழர்களும், மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழர்களும் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. சம்பளம் வந்தது, மழை விடவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் தணிந்தது என்ற செய்திகளே அவற்றில் இருக்கும். அவற்றை வீட்டார் படித்தால் போதும். வெளியார் படிக்க வேண்டிய தேவை இல்லை.

எழுதுகிறவர் ஒரு நாட்டின் பிரதமராக இருந்தால் என்ன செய்வது? அவர் தம் தங்கைக்கு எழுதிய கடிதம் வீட்டுக் கடிதமா, அரசாங்கக் கடிதமா? அது யாருக்குச் சொந்தம்? இதைக் கொஞ்சம் விளக்கலாம் என்று எண்ணுகிறேன்.

பண்டித ஜவாஹர்லால் நேரு மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்களை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1928 கோடையில், பத்து வயதுச் சிறுமியாக மசூரியில் இருந்த மகளுக்கு உலகம் தோன்றிய கதையை அவர் எழுதி அனுப்பினார். பின்னர் 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து உலக வரலாற்றையே 196 கடிதங்களாக எழுதினார். ஆனால் அப்போது அவர் பதவியில் இல்லை. அவை வீட்டுக்கு எழுதியவைதாம் என்றாலும், விரைவிலேயே புத்தகமாகி எல்லார் கைக்கும் வந்துவிட்டன.

பிரதமரான பிறகு அவர் எழுதியவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கோப்பில் ஏறும் அரசாங்கக் கடிதம். இரண்டாவது, 1947 அக்டோபர் முதல் 1963 டிசம்பர் வரை மாநில முதலமைச்சர்களுக்கு ஏறத்தாழ பதினைந்து நாளுக்கு ஒருமுறை எழுதிய கடிதங்கள். இவை பிற்காலத்தில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது: மகளுக்கும் தங்கைகளுக்கும் எழுதியவை. இந்திராவுடன் 1940 முதல் 1964 வரை நடந்த கடிதப் போக்குவரத்தை சோனியா காந்தி தொகுத்து 1992-இல் நூலாக வெளியிட்டார்.

தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் கதை இன்னும் சிக்கலானது. அவர் நேருவைவிடப் பதினொரு வயது இளையவர். சுதந்திரம் வந்ததும் 1947-இல் மாஸ்கோவில் தூதரானார். 1949 முதல் 1951 வரை வாஷிங்டனில் தூதராக இருந்தார். 1953-இல் ஐ.நா. பொதுச் சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணியும் அவரே. நேருவோ பிரதமர் பதவியோடு வெளிவிவகாரத் துறையையும் தாமே வைத்திருந்தார். ஆகவே தூதர் தம் மேலதிகாரிக்கு எழுதினால் அது அண்ணனுக்கும் எழுதியதாக ஆயிற்று. அலுவலகத் தபால் ஒரு பக்கம் முறைப்படி போய்க்கொண்டிருக்க, சொந்தக் கடிதங்களும் பரிமாறப்பட்டன. அவற்றில் வீட்டு விஷயமும் நாட்டு விஷயமும் கலந்தே வந்தன.

ஓர் உதாரணம் சொல்கிறேன். சீனாவில் 1949 அக்டோபர் 1-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி நிறுவப்பட்டது. ஆனால் ஐ.நா. பாதுகாப்பு சபையில் சீனாவின் இடத்தில் தைவானுக்குச் சென்றுவிட்ட பழைய அரசாங்கமே உட்கார்ந்திருந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. அந்த ஆகஸ்டு 24-ஆம் தேதி விஜயலட்சுமி பண்டிட் அண்ணனுக்கு எழுதினார். பாதுகாப்பு சபையின் நிரந்தர இடத்திலிருந்து சீனாவை நீக்கிவிட்டு இந்தியாவை அமர்த்தலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஒரு பேச்சு நடப்பதாகத் தெரிவித்தார். ஆறு நாள் கழித்து, 30-ஆம் தேதி, நேரு பதில் எழுதினார். நிரந்தர இடம் பெற இந்தியாவுக்குத் தகுதி உண்டு. ஆனால் சீனாவை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் நாம் உட்காரப் போவதில்லை என்பது அந்தப் பதிலின் சாரம்.

எவ்வளவு பெரிய விஷயம்! அது அண்ணன் தங்கை கடிதத்தில் அல்லவா பேசப்பட்டிருக்கிறது? ஐந்தாண்டு கழித்து, 1955 செப்டம்பரில், மக்களவையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தபோது, அப்படி ஓர் அழைப்பு முறைப்படியும் வரவில்லை, முறைசாராமலும் வரவில்லை என்று நேரு பதில் சொன்னார். நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பை மட்டும் படிப்பவர்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்துவிடும். தங்கையின் காகிதங்கள் டில்லி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டதால், ஆண்டன் ஹார்டர் என்ற ஆய்வாளர் 2015-இல் இக்கடிதங்களை எடுத்துக்காட்டி எழுத முடிந்தது.

இதை வைத்து நேருவைப் பொய்யர் என்று சொல்வோரும் உண்டு. தீர்க்கதரிசி என்று சொல்வோரும் உண்டு. இரண்டுமே அவசர முடிவு என்பது என் கருத்து. அதிகாரிகள் மட்டத்தில் ஆழம் பார்ப்பது வேறு, அழைப்பு என்பது வேறு. மேலும் ஐ.நா. சாசனத்தைத் திருத்த நிரந்தர உறுப்பினர் ஐவரின் சம்மதமும் வேண்டும். அமெரிக்கா மட்டும் நினைத்தால் நடக்கும் காரியமில்லை. ஆனால் இப்படி எடைபோட்டுப் பார்ப்பதற்கே அந்தக் கடிதங்கள் நம் கண்ணில் படவேண்டும் அல்லவா?

ரயில்வே பொறியியல் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஓர் ஒப்புமை சொல்லலாம். ஒரு விபத்து நடந்தால் விசாரணையில் முதலில் கைப்பற்றுவது ஸ்டேஷனில் வண்டிகளின் நேரம் எழுதும் பதிவேட்டை. எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதை அது சொல்லும். ஆனால் டிரைவர் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது, அவர் மனைவிக்கு எழுதிய கடிதத்தில்தான் இருக்கும். பதிவேடு என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் நடந்தது என்பதைச் சிலசமயம் கடிதம்தான் சொல்லும்.

சரி, இக்கடிதங்கள் யாருக்குச் சொந்தம்? நாங்கள் வேலையில் சேர்ந்தபோது, அரசுப் பணி நிமித்தம் என்று அச்சடித்த உறையில் வீட்டுக் கடிதம் போடக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். உறையைப் பார்த்தால் போதும், எது எவருடையது என்று தெரிந்துவிடும். உயர் பதவியில் இருப்பவர்கள் விஷயத்தில் உறை எளிதாகப் பிரிவதில்லை. நம் நாட்டின் 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் அரசாங்க ஆவணங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தலைவர்களின் சொந்தக் காகிதங்கள், குடும்பத்தார் மனமுவந்து கொடுத்தால்தான் ஆவணக் காப்பகத்துக்கோ நூலகத்துக்கோ வந்து சேரும்.

இதனால் வரும் சங்கடத்துக்கும் நேருவின் காகிதங்களே சாட்சி. டில்லி தீன்மூர்த்தி பவனத்து நேரு நினைவு நூலகத்தில் (2023 முதல் அதன் பெயர் பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும்) இருந்தவற்றில் 51 பெட்டிகள் 2008-இல் குடும்பத்தின் சார்பில் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டன. அவற்றை மீண்டும் நூலகத்துக்குத் தரவேண்டும் என்ற கோரிக்கை 2024-இல் எழுந்தது. கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறது ஒரு தரப்பு. குடும்பச் சொத்து என்கிறது மறு தரப்பு. அரசியல் சண்டையில் நாம் இறங்க வேண்டாம். தெளிவான விதி இல்லாததுதான் இதற்கு மூலகாரணம் என்பதைக் கவனித்தால் போதும்.

அமெரிக்காவில் ட்ரூமன் 1945-இல் ஜனாதிபதியானதும், மிசௌரியில் இருந்த வயதான தாயாருக்கும் தங்கை மேரிக்கும் தொடர்ந்து எழுதிவந்தார். ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த மே 8-ஆம் தேதி அவருக்கு 61 வயது நிறைந்தது. உலகமே கொண்டாடிய அன்று காலை, இன்றுதான் வெள்ளை மாளிகையில் முதல்முறையாகத் தூங்கி எழுந்தேன் என்று பிள்ளையாக அம்மாவுக்கு எழுதியிருக்கிறார். மனைவி பெஸ்ஸுக்கு அவர் எழுதிய கடிதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிடைத்து, இன்று அவர் பெயரிலுள்ள நூலகத்தில் உள்ளன. ஆனால் தாம் கணவருக்கு எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை அந்த அம்மாள் எரித்துவிட்டார். அது அவருடைய உரிமை. குறை சொல்ல நமக்கு இடமில்லை. அந்நாட்டில் 1978-இல் ஒரு சட்டம் வந்து, ஜனாதிபதியின் அலுவல் காகிதம் நாட்டுக்கு, முழுக்கச் சொந்தமானது அவருக்கு என்று கோடு கிழித்தது.

நமக்கும் அப்படி ஒரு கோடு வேண்டும். நாட்டு விஷயம் பேசும் கடிதம் யாருக்கு எழுதியிருந்தாலும், குறித்த ஆண்டுகள் கழிந்தபின் நாட்டின் ஆவணமாக வேண்டும். வீட்டு விஷயம் மட்டும் பேசுவது வீட்டாரிடமே இருக்கட்டும். இரண்டும் கலந்திருந்தால், வீட்டுப் பகுதியை மறைத்து மற்றதைத் திறக்கலாம். இந்தப் பிரிவினையைக் குடும்பமும் செய்யக்கூடாது, அன்றைய ஆளுங்கட்சியும் செய்யக்கூடாது. ஆவணக் காப்பகத்தின் பயிற்சி பெற்ற அலுவலர்கள் செய்ய வேண்டும்.

நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. தமிழர்கள் இந்த மலைக்கும் எல்லைக்கும் எப்படி வந்தார்கள், 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது என்ன நினைத்தார்கள் என்பதை அரசாங்கக் கோப்புகள் ஓரளவுதான் சொல்லும். மீதி உங்கள் வீட்டுப் பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். வெள்ளையடிக்கும்போது பழைய கடிதக் கட்டைக் குப்பையில் போடுமுன், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தேதியையும் எழுதியவர் பெயரையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். எதை வெளியில் காட்டுவது, எதை வீட்டோடு வைப்பது என்பதை அதன்பின் நிதானமாகத் தீர்மானித்துக்கொள்ளலாம்.