வேலியோரச் செடியில் டீசல் விளையுமா?

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குக் காட்டாமணக்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காம்பை ஒடித்து, கசியும் பாலில் குமிழி ஊதி விளையாடியிருப்பார்கள். ஆடுமாடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு நட்ட செடி அது. 20 ஆண்டுகளுக்கு முன் அதே செடி, நாட்டின் எரிபொருள் பஞ்சத்தைத் தீர்க்கப்போவதாகக் கொண்டாடப்பட்டது. அந்தக் கொண்டாட்டம் ஏன் நிலைக்கவில்லை?

ஏன் உண்ணாத எண்ணெய்?

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓடும் என்பது பழைய செய்தி. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியது. ஆனால், சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நம்முடையது. அடுப்படிக்கே போதாததை எஞ்சினில் ஊற்ற முடியாது. அதனால்தான் காட்டாமணக்கு, புங்கம் போன்றவற்றின் மீது பார்வை திரும்பியது. இரண்டின் விதையிலும் சுமார் 30 சதவீதம் எண்ணெய் உண்டு.

எண்ணெய் டீசலாவது எப்படி?

செக்கில் ஆட்டிய எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. அப்படியே ஊற்றினால் எஞ்சினில் கரி படியும். அதனுடன் மெத்தனாலும், வினையூக்கியாகச் சிறிது காரமும் சேர்த்துச் சுமார் 60 டிகிரி சூட்டில் கலக்குவார்கள். எண்ணெயின் மூலக்கூறு பிரிந்து, கிளிசரின் அடியில் தங்கும். மேலே தெளிவது பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும்.

தொழில்நுட்பம் கைவிடவில்லை. 2002 டிசம்பர் 31 அன்று டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீத பயோடீசல் கலவையில் ஓடியது. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானமே காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது.

வயலில் நடந்தது என்ன?

2003-இல் திட்டக் குழுவின் அறிக்கை காட்டாமணக்கை முன்னிறுத்தியது. 2009-இல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்க இலக்கு வைத்தது. தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது என்ற பேச்சை நம்பித் தமிழ்நாட்டு விவசாயிகளும் நட்டார்கள். பின்னர் அவர்களிடம் நடந்த கள ஆய்வுகள் சொன்ன சேதி கசப்பானது: சொன்ன விளைச்சல் வரவில்லை, பெரும்பாலோர் சாகுபடியையே கைவிட்டார்கள்.

காரணம் எளிது. வறட்சியில் சாகாமல் நிற்பது வேறு, வறட்சியில் காய்த்துக் கொட்டுவது வேறு. விதையை நிரப்ப எந்தச் செடிக்கும் தண்ணீரும் எருவும் வேண்டும். காய்களும் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்க வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ விதை தேவை. பறிகூலி கொடுத்த பிறகு விவசாயி கையில் மிஞ்சுவது சொற்பம். நச்சு இருப்பதால் புண்ணாக்கும் மாட்டுக்கு உதவாது.

வரப்புக்குப் போகலாம்

காட்டாமணக்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த செடி. புங்கம் நம் மண்ணின் மரம். பயறுக் குடும்பத்தைச் சேர்ந்ததால் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும். உப்பு நிலத்தையும் தாங்கும். இலை தழையுரம், புண்ணாக்கு எரு. காய்க்கச் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். அதன்பின் பல பத்தாண்டு பலன் தரும்.

கர்நாடகத்தின் ஹாசன் அருகே மடேனூரில் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் அமைத்த உயிரி எரிபொருள் பூங்கா வேறொரு வழியைக் காட்டியது: பயிர் நிலத்தைத் தொடாமல் வரப்பிலும் வேலியிலும் புங்கம், வேம்பு, இலுப்பை என்று கலந்து நடுவது. விதை உபரி வருமானம். விலை சரிந்தாலும் குடும்பத்தின் சோற்றில் கை வைக்காது.

2018-இல் வந்த புதிய உயிரி எரிபொருள் கொள்கையும், 2030-க்குள் டீசலில் 5 சதவீதம் என்று இலக்கைச் சுருக்கிக்கொண்டது. நாளை யாராவது வறண்ட நிலத்துக்கு இன்னொரு அதிசயச் செடியைக் கொண்டுவந்தால், மூன்று கேள்விகளை விவசாயி கேட்கட்டும்: மானாவாரியில் எத்தனை கிலோ காய்க்கும்? பறிகூலி எவ்வளவு? எந்த விலைக்கு, யார் வாங்குவார்? இவற்றுக்குக் கையெழுத்திட்ட பதில் கிடைக்கும்வரை, செடி வரப்பைத் தாண்டி வயலுக்குள் வர வேண்டாம்.