தொலைவில் இருப்போரும் ஊர் வெள்ளமும்

கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் மக்கள் தம் இல்லத்தை விட்டு நெடுந்தூரஞ் செல்வது இயல்பே. அங்ஙனஞ் சென்றிருக்குங்கால் தம் ஊரைப் பெருவெள்ளம் சூழ்ந்துகொள்ளுமாயின், அவர் படுந் துயரம் ஒரு தனித்தன்மை யுடையது. ஊரிலிருப்பவர்க்குப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றவும், முதியோரைத் தாங்கி மாடிக்குக் கொண்டுசெல்லவும் வேலையுண்டு. தொலைவிலிருப்பவர்க்கோ பார்த்திருத்தலன்றிச் செய்வதொன்றும் இல்லை யென்று தோன்றும். இத்தோற்றம் முற்றும் உண்மையன்று என்பதைச் சென்னை கண்ட 2015ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கொண்டு விளக்குவாம்.

அவ்வாண்டு நவம்பரில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி, நிலமும் நீரை ஏற்கமாட்டாதிருந்த வேளையில், டிசம்பர் 1ஆம் நாள் மீண்டும் பெருமழை பிடித்தது. மறுநாட் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியினின்று வினாடிக்கு 29,000 கன அடி நீர் வெளிவிடப்பட்டது. பிற ஏரிகள் வழிந்த நீரும் அதனோடு கூடி அடையாற்றில் இறங்கவே, சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் இரவோடிரவாக நீர் வீடுகளுட் புகுந்தது.

அப்பொழுது வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்தோர் தொலைக்காட்சியில் தம் தெருவைக் கண்டனர். தம் வீட்டாரின் குரலையோ கேட்கக் கூடவில்லை. விமான நிலையம் நீரில் மூழ்கிச் சில நாள் மூடிக்கிடந்தமையால், விரைந்து திரும்பவும் வழியில்லை. 1878ஆம் ஆண்டில் தோன்றிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பும் டிசம்பர் 2ஆம் நாள் அச்சாகவில்லை.

செய்தி மிக வேண்டப்படும் நேரத்திலேயே அஃது அற்றுப்போவது ஏன்? கைப்பேசிக் கோபுரங்கள் மின்சாரத்தால் இயங்குவன. மின்சாரம் நின்றால் மின்கலங்கள் சில மணி நேரந் தாங்கும். அதன்பின் டீசல் இயந்திரம் வேண்டும். சாலை மூழ்கியவிடத்து டீசல் கொண்டுசெல்வாரில்லை. வீட்டிலுள்ள கைப்பேசியும் மின்னேற்ற வழியின்றி அணைந்துவிடும். எஞ்சிய கோபுரங்களோ ஒரே காலத்தில் குறித்த அளவு அழைப்புக்களையே ஏற்கவல்லன. யாவரும் ஒருங்கே அழைக்க, ஒருவர்க்கும் கிடையாது போகின்றது. ஆகவே, மறுமொழியின்மை தீங்கு நேர்ந்ததற்கு அடையாளமாகாது. பெரும்பாலும் அது கம்பமும் கருவியும் அடைந்த மௌனமே.

இனி, இருதிறத்தாரின் அறிவையும் ஒப்பிடுக. வீட்டிலிருப்பவர் வாசற்படியில் ஏறும் நீரை அறிவர். மேலே ஏரியில் நிகழ்வதை அறியார். தொலைவிலிருப்பவர் ஏரியின் நிலையையும் மழைக்குறிப்பையும் அறிவர். தாயார் மாடிக்கு ஏறினாரோ என்பதை அறியார். இருவர் அறிவும் பாதியே. தொலைவிலுள்ளார் தம் பாதியை, தொடர்பு அறுவதற்கு முன், காலத்தே கொடுப்பாராயின் அதுவே உயிர்காக்கும் உதவியாம். "ஏரி திறக்கின்றார்கள், இருட்டுமுன் மாடிக்குச் செல்லுங்கள், மருந்தையும் குடிநீரையும் உடன்கொள்ளுங்கள்" என்னும் ஒரு செய்தி, நள்ளிரவில் விடுக்கும் நூறு அழைப்பினும் மேலானது.

தொடர்பு அற்றபின்னும் செய்யத்தக்கன உள. அழைப்பை விடுத்துக் குறுஞ்செய்தி அனுப்புக. அதற்குச் சிறிது இடமே போதும், பெறுவோர் கருவி உயிர்பெறும்போது சென்றுசேரும். வேற்றூரிலுள்ள உறவினர் ஒருவரை நடுவராக முன்னரே குறித்துக்கொண்டால், யாவரும் அவரிடமே கேட்டறியலாம். மீட்போர்க்கு எழுதுங்கால் கதவெண், மாடி, உள்ளோர் தொகை, நோயாளர் உண்டோ என்பவற்றோடு நாளும் நேரமுங் குறித்தல் வேண்டும். மீட்கப்பட்டபின் அதனையும் அறிவித்தல் கடமை. இன்றேல் பழைய வேண்டுகோள் கைக்குக் கை மாறி, படகு ஆளில்லா வீட்டை நாடும், ஆளுள்ள வீடு காத்திருக்கும். அவ்வெள்ளத்தின்போது, மூழ்கிய தெருக்களை இணையப் படத்தில் குறித்து வழிகாட்டினோரும் உண்டு. வெளியூரிலிருந்தும் செய்யக்கூடிய தொண்டு அஃது.

இறைவனை வேண்டுதல் நம் கடன். வேண்டியபின் ஆவன செய்தலும் நம் கடனே. விடுதியில் வாழும் மாணவர்களே, அடுத்த மழைக்காலம் வருமுன் உங்கள் இல்லத்தாரோடு இவற்றைப் பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். வானந் தெளிந்திருக்கும்போது பேசிய சொல்லே தொடர்பற்ற இரவில் துணைநிற்கும்.